பாங்கொக்கிலிருந்து கோலாலம்பூருக்கு இரண்டு மணி பத்து நிமிடம்

போன மாதம் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம், ஒரு மரக்கறிக் கடை வாசலில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் என்னை மறித்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு, மற்றக் கையில் போன்.

“அண்ணை, பாங்கொக்கில இருந்து கோலாலம்பூருக்கு எவ்வளவு தூரம் சொல்லுங்கோ பாப்பம்?”

நான் வாயைத் திறக்க முன்னமே அவரே சொன்னார்: “ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர் சொச்சம். பறக்கிறது ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம். போன் சொல்லுது. இனி உங்களைப் போல ஆக்களுக்கு என்ன வேலை அண்ணை?”

பகிடிக்குத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருடம் விமான ரிக்கெற் போட்டுக் கொடுத்தவன் நான். வேலையிலிருந்து நின்று இரண்டு வருடமாகிறது. போன் சொல்வது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த இரண்டு நகரங்களுக்கும் இடையிலான தூரத்தை ஒரு புதன்கிழமை முழுக்க நான் கதிரையில் இருந்தபடியே கடந்திருக்கிறேன். அதை எழுதாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

என் தொழிற்பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கனடாவுக்கு வந்து நாலு வருடம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றேன். தோள் மூட்டுப் பிடித்துக்கொண்டதால் அந்த வேலையை விட்டு, ஆறு மாதம் பயண முகவர் படிப்புப் படித்தேன். உலகத்து விமான நிலையங்களுக்கெல்லாம் மூன்று எழுத்துக் குறியீடு உண்டு. அவற்றில் இருநூறைப் பாடமாக்கிக்கொண்டு, புவனா அக்காவின் பயண முகவர் அலுவலகத்தில் போய் நின்றேன். தோசைக்கடை ஒன்றுக்கு மேல்மாடி. படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, “சாம்பார் மணக்குது” என்பார்கள்.

நேர்முகத்தில் அக்கா கேட்டது ஒரே கேள்வி.

“பாங்கொக்கில காலமை ஒன்பது நாப்பதுக்கு வெளிக்கிடுற பிளேன் கோலாலம்பூரில பன்னெண்டு அம்பதுக்கு இறங்குது. எவ்வளவு நேரம் பறந்தது?”

“மூண்டு மணித்தியாலம் பத்து நிமிசம்” என்றேன், பெருமையாக.

“அங்கால இருந்து ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டு மூண்டு பத்துக்குப் பாங்கொக்கில இறங்குது. இப்ப?”

கழித்துப் பார்த்தால் ஒரு மணி பத்து நிமிடம். அதே வழி, அதே விமானம், போகும்போது மூன்று மணி, வரும்போது ஒரு மணி. மலேசிய மணிக்கூடு தாய்லாந்தைவிட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறது என்று அக்கா ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு மணி பத்துத்தான். “திங்கக்கிழமை வாரும்” என்றார். அப்படித்தான் வேலை கிடைத்தது.

புவனா அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். யார் என்ன அவசரத்தில் வந்தாலும் முதலில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். வந்தவரின் பதற்றம் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தாளில் மூன்று நிரல் கீற வேண்டும். முதல் நிரலில் அந்தந்த ஊர் மணி. இரண்டாவதில் பறக்கும் நேரம். மூன்றாவதில் ரொறன்ரோ மணி, வீட்டில் இருக்கிறவர்கள் எப்போது போனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. தாளின் அடியில் பயணி கையில் வைத்திருக்கும் பயணப் பத்திரம் எது, அதில் எந்த நாட்டு விசா இருக்கிறது என்று எழுதி, விசாப் பக்கத்தின் பிரதியையும் குத்த வேண்டும். எல்லாம் முடிந்தபின் இன்னொருவரை முன்னால் இருத்தி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, விமான நிலையத்தின் மூன்று எழுத்து உட்பட உரத்து வாசிக்க வேண்டும். வாசிக்காமல் ஒரு ரிக்கெற்றும் வெளியே போகக் கூடாது.

இது போதாதென்று ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதரைக்கு, முதல்நாள் பறந்தவர்களின் தாள்களைத் திரும்ப எடுத்து வாசிப்பார். “பறந்திட்டினம்தானே அக்கா, இனி எதுக்கு?” என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். “பறக்காத ஆள் படியேறி வந்து எங்களைக் கேக்கும். பறந்த ஆளுக்கு ஆர் இருக்கினம்?” என்றார். எனக்கு அது வீண் வேலையாகவே பட்டது. பத்து வருடம் அந்த எண்ணத்தோடேயே வாசித்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ரிக்கெற் போடுவதில் இன்னொரு சங்கதி உண்டு. மேசை இலாச்சியில் பஞ்சாங்கம் ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டை விட்டு வெளிக்கிடும் நேரம் ராகுகாலமாக இருக்கக் கூடாது. மரக்கறிக் கடைக்காரர் முதல் மார்க்கம் நகரத்தில் கொம்பியூட்டர் வேலை செய்பவர் வரை எல்லோரும் கேட்பார்கள். நான் அதைப் பரிகசித்ததில்லை. விமானம் ஏறப் பயப்படுகிறவருக்கு ஏதோ ஒரு பிடி வேண்டும்.

இனிப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

சிவநேசன் என்று ஒருவர். மார்க்கத்தில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் அடுக்குகிறவர். நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டார். தாயைப் பார்த்து இருபத்திரண்டு வருடம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர், ஆனால் ஏதேதோ சிக்கலில் கனடாக் குடியுரிமை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போக முடியாது. தாய்க்கு எண்பத்தொரு வயது, இருதய வருத்தம். கனடா விசா இரண்டு தரம் மறுத்தாயிற்று. ஆகவே எங்கள் ஆட்கள் பலர் செய்வதுபோல மூன்றாவது நாடொன்றில் சந்திப்பது என்று முடிவாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து தாயும் சிவநேசனின் தங்கையும் கோலாலம்பூருக்கு வருவார்கள். இரண்டு கிழமை தங்குவார்கள். சிவநேசன் இங்கிருந்து போவார். அவருடைய பத்திரத்தில் மலேசிய விசா எடுக்க இரண்டு மாதம் அலைந்தோம்.

அந்தக் கிழமை ஹொங்கொங்கிலிருந்து நேரே கோலாலம்பூர் போகும் விமானங்களில் இடமில்லை. ரொறன்ரோ, ஹொங்கொங், பாங்கொக், கோலாலம்பூர் என்று ஒரே ரிக்கெற்றாகப் போட்டேன். பாங்கொக் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

“அண்ணை, அங்க வெளியில இறங்கத் தேவையில்லைத்தானே?”

காரணம் எனக்குத் தெரியும். கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் கைவிட்டுப் போக, பிடிபட்டு ஒன்பது மாதம் குடிவரவுத் தடுப்பு முகாமில் இருந்தவர். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது இப்போதும் மணிக்கட்டைத் தடவுவார்.

“கதிரையில இருந்து கதிரைக்குத் தம்பி. ஒரு வாசலால இறங்கி மற்ற வாசலால ஏறுறது. ஒரு அதிகாரிக்கும் முகம் காட்டத் தேவையில்லை. நான் பொறுப்பு” என்றேன்.

விமானம் செவ்வாய் இரவு. செவ்வாய் மத்தியானம் அவருடைய தமக்கை வசந்தி போன் எடுத்தார். அவரும் ஸ்காபரோவில்தான் இருக்கிறார்.

“அண்ணை, பிளேன் கோலாலம்பூரில ஒண்டு நாப்பதுக்கு இறங்குது எண்டு தம்பி சொல்லுறான். வியாழக்கிழமை ஒண்டரையில இருந்து மூண்டு மட்டும் ராகுகாலமெல்லே?”

“வெளிக்கிடுற நேரம் நல்ல நேரம்தானே பிள்ளை.”

“அண்ணை, இருபத்திரண்டு வருசத்துக்கு முதல் அவனை அவசரத்தில ராகுகாலத்திலதான் வெளிக்கிடுத்தினது. நான்தான் கதவைத் திறந்து விட்டனான். பிறகு அவன் பட்டது உங்களுக்குத் தெரியும். அம்மாவின்ர முகத்தில திரும்ப முழிக்கிறதும் அந்த நேரத்தில வேண்டாம் அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்.” அழத் தொடங்கிவிட்டார்.

அன்று அக்கா அலுவலகத்தில் இல்லை. ஸ்ரௌவ்வில்லில் மகளுடைய புதுவீடு குடிபூரல். மற்றவர்களும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நான் தேடினேன். பாங்கொக்கில் ஒன்பது நாற்பதுக்கு வெளிக்கிட்டுக் கோலாலம்பூரில் பன்னிரண்டு ஐம்பதுக்கு இறங்கும் விமானம் ஒன்று ஒரு சின்னக் கம்பனியில் கிடைத்தது. அக்கா என்னிடம் நேர்முகத்தில் கேட்ட அதே நேரங்கள். எனக்கு அதுவே ஒரு நல்ல சகுனமாகப் பட்டது. ஹொங்கொங்கிலிருந்து வரும் விமானம் பாங்கொக்கில் ஏழு ஐம்பதுக்கு இறங்கும், மாறி ஏற இரண்டு மணித்தியாலம் அளவில் இருக்கிறது, போதும். பழைய ரிக்கெற்றின் கடைசித் துண்டை நீக்கிவிட்டு இதைத் தனி ரிக்கெற்றாக எடுத்தேன். மூன்று நிரலும் கீறினேன். ஒரு மணித்தியால வித்தியாசத்தைக் கவனமாகக் கழித்தேன். பெருமையோடு வசந்திக்குச் சொன்னேன். முன்னால் ஆள் இல்லாததால் உரத்து வாசிக்கவில்லை.

புதன் காலை ஒன்பதரை. அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முதல்நாள் தாள்களை எடுத்தார். சிவநேசனின் தாளில் அவருடைய விரல் ஒரு வரியில் நின்றது. திரும்பவும் மேலே போய் இறங்கி அதே இடத்தில் நின்றது.

“தேவா, பாங்கொக்கில இறங்கிறது எந்த எயார்போட்?”

சொன்னேன்.

“ஏறுறது?”

குனிந்து பார்த்தேன். மூன்று எழுத்தும் வேறு. பாங்கொக்கில் இரண்டு விமான நிலையங்கள். பெரிய கம்பனிகள் இறங்குவது கிழக்கே உள்ள புதியதில். சின்னக் கம்பனிகள் பறப்பது வடக்கே உள்ள பழையதிலிருந்து. இடையில் நகரத்து நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். அதுகூடப் பெரிதில்லை. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகக் குடிவரவைத் தாண்டி நாட்டுக்குள் இறங்க வேண்டும். சிவநேசனிடம் தாய்லாந்து விசா இல்லை. தடுப்பில் இருந்தவர் என்ற பதிவு அங்கே இருக்கும். இறங்கப் பார்த்தால் மறிப்பார்கள். இறங்காவிட்டால் விமானம் போய்விடும், பிறகு வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். எந்தக் கதவைப் பற்றி அவர் பயந்தாரோ அந்தக் கதவுக்கு நேரே அவரை அனுப்பிவைத்திருக்கிறேன். அவரோ அந்த நேரம் நித்திரை கொண்டபடி வானத்தில் போய்க்கொண்டிருந்தார்.

“அக்கா, நான்...” என்று தொடங்கினேன்.

“பிறகு ஏசுறன். இப்ப போனை எடும்” என்றார்.

தாளின் மூன்றாவது நிரலைப் பார்த்தோம். ஹொங்கொங்கில் அவர் இறங்குவது ரொறன்ரோ மணிக்குப் பின்னேரம் நாலே முக்கால். எங்களுக்கு ஏழு மணித்தியாலம் சொச்சம் இருந்தது. எப்படியும் அவர் பாங்கொக் விமானத்தில் ஏறக் கூடாது. தலைகீழாக நின்றாவது ஹொங்கொங்கிலேயே அவரைத் திருப்புவது என்று இருந்தேன்.

விமானக் கம்பனிக்கு எடுத்தேன். முதலாவது ஆள், பயணம் தொடங்கிய ரிக்கெற்றை முகவர் தொட முடியாது என்று வைத்துவிட்டார். இரண்டாவது ஆள், பயணியே பேச வேண்டும் என்றார். பயணி முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே இருக்கிறார் என்றேன். இறங்கியபின் பேசச் சொல்லுங்கள் என்றார். மூன்றாவது தரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இசையைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணி ஆறிப் போயிற்று. காது சுட்டது. சலம் கழிக்கவும் எழும்பவில்லை. அக்கா மற்றப் போனில் வேறு கம்பனிகளில் இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒருமணியைத் தாண்டியபோது மேற்பார்வையாளர் ஒரு பெண் வந்தார். பெயர் மிஸ் சான். குரலில் ஒரு கண்டிப்பு.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: நல்லாக இருந்த ரிக்கெற்றை நேற்று ஏன் குழப்பினீர்கள்?

கம்பனி நேரம் மாற்றியது, பயணியின் விருப்பம் என்று பூசி மெழுகியிருக்கலாம். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. எங்கள் நாளில் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது, அந்த நேரத்தில் நாங்கள் நல்ல காரியம் தொடங்குவதில்லை, இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவன் தாயைப் பார்க்கப் போகிறான், தமக்கை அழுதாள், நான் அவசரப்பட்டுவிட்டேன், பிழை என்னுடையது என்றேன்.

சீன மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசை என்றார் மிஸ் சான். அதனால் தங்கள் குடும்பத்தில் நாலாம் இலக்க வீட்டை வாங்கமாட்டார்கள், அதற்காகத் தகப்பன் மூன்று வீடு தட்டிக் கழித்தவர் என்றார் அந்தப் பெண். அவருடைய குரல் இறங்கியிருந்தது. பயணியின் மலேசிய விசாப் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். அக்கா தாளில் குத்தியிருந்த பிரதியைக் கழற்றி அப்போதே ஸ்கான் பண்ணத் தொடங்கிவிட்டார்.

மூன்றேகாலுக்கு மிஸ் சான் திரும்ப எடுத்தார். ஹொங்கொங்கிலிருந்து நேரே கோலாலம்பூர். காலை ஒன்பதேகாலுக்கு வெளிக்கிட்டு ஒன்று பத்துக்கு இறங்கும். ஊழியர்களுக்கென்று வைத்திருந்த ஒரு கதிரையை விடுவித்திருக்கிறார். பெட்டி பாங்கொக்குக்குப் போய்த்தான் வரும், அதை ஒன்றும் செய்ய முடியாது. விமானக் கதவடியில் தங்கள் ஆட்கள் பெயர் எழுதிய அட்டையோடு நின்று கூட்டிப் போவார்கள் என்றார்.

அப்பாடா என்று சாயப் போனவன் திரும்பவும் நிமிர்ந்து இருந்தேன். சீருடை போட்ட இரண்டு பேர் விமானக் கதவடியில் சிவநேசனின் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றால் அந்த மனிதன் என்ன நினைப்பார்? பிடிக்க வந்துவிட்டார்கள் என்றுதான். இன்னொரு உதவி என்றேன் மிஸ் சானிடம். ஒரு தாள் எடுத்துப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன்.

“சிவநேசன் தம்பி, பயப்பிடாதையும். இவை பிடிக்க வரேல்லை. பாங்கொக் போகத் தேவையில்லை, நேர அம்மாவிட்டப் போறீர். இவையோட போம். — தேவா அண்ணை, தோசைக்கடை மேல்மாடி.”

கடைசி வரியை எழுதியது, எழுதியவன் நான்தான் என்று அவருக்கு ஐயமில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காக. அதை அனுப்பினோம். என்ன எழுதியிருக்கிறது என்று மிஸ் சான் கேட்டார், சொன்னேன். அப்படியே அச்சடித்துப் பிடிக்கச் சொல்கிறேன் என்றார்.

ஐந்து மணி. ஐந்தேகால். நானும் அக்காவும் போனைப் பார்த்தபடி இருந்தோம். ஐந்தரைக்கு அடித்தது. ஆள் தங்களுடன் இருக்கிறார், முதலில் திரும்பி ஓடப் பார்த்தாராம், பிறகு தாளை வாசித்துவிட்டு அதைக் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார் என்றார் மிஸ் சான். அக்கா போனை வாங்கி நன்றி சொன்னார், பிறகு வசந்திக்கும் எடுத்துப் புது நேரத்தைச் சொன்னார்.

அடுத்தநாள் காலை ஒன்பதரைக்கு அக்கா சொன்னபடி ஏசினார். அவருடைய ஏச்சு என்பது இதுதான்: எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை நான் கீறிய தாளை என் முன்னால் வைத்தார். “வாசியும்.” விரல் வைத்து உரத்து வாசித்தேன். பாங்கொக் மூன்று எழுத்தைச் சத்தம் குறைத்துத் தாண்டப் பார்த்தேன். “திரும்ப” என்றார். திரும்ப வாசித்தேன். மூன்று தரம். அதற்குப் பிறகு வேலையிலிருந்து நிற்கும் வரைக்கும் வாசிக்காமல் ஒரு ரிக்கெற் நான் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்தென்றாலும் வாசித்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு சிவநேசன் படியேறி வந்தார். அந்தத் தாள் நாலாக மடித்தபடி சட்டைப் பையில் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அங்கே நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்; அவ்வளவு பேசி நான் அவரைக் கண்டதில்லை.

கோலாலம்பூரில் ஒன்று பத்துக்கு இறங்கிவிட்டார். எடுக்கப் பெட்டியும் இல்லை, இரண்டு மணிக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே போனைத் திறந்தால் தமக்கை வசந்தியின் செய்தி: ராகுகாலம், மூன்று மணி மட்டும் வெளியே வராதே, அங்கேயே இரு. தமக்கையின் சொல்லைத் தட்டாமல் வெளிவாசல் கதவுக்கு உட்பக்கம் ஒரு வாங்கில் குந்திவிட்டார். கண்ணாடிக் கதவு ஆட்கள் போகப் போகத் திறந்து மூடியது. அந்தப் பக்கம் பார்த்தால் அம்மா தெரிந்துவிடுவாவோ என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தாராம்.

“அம்மா வெளியில பதினொரு மணியில இருந்து காத்துக்கொண்டிருந்தவ அண்ணை. வசந்தியக்கா தங்கச்சிக்கும் போன் எடுத்துச் சொல்லிப்போட்டா. அம்மா கேட்டவவாம், பிளேன் வந்திட்டுதோ எண்டு. ஓமெண்டு தங்கச்சி சொன்னவள். அப்ப உள்ளுக்க இருந்து என்ன செய்யிறான் எண்டு கேட்டவ. ராகுகாலம் அம்மா எண்டவள்.”

அந்தத் தாய் வாழ்நாளில் ராகுகாலத்தில் வீட்டுப் படி இறங்காதவ. எழும்பி, வெளியே வருகிற சனத்துக்கு எதிராக நடந்து, கண்ணாடிக் கதவுக்குள் புகுந்துவிட்டா. காவலாளி மறித்தான். சத்தம் கேட்டுச் சிவநேசன் நிமிர்ந்தார். சேலைத் தலைப்பு ஒரு பக்கம் இழுபட, காவலாளியின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்ற தாயைக் கண்டார். மணி இரண்டு இருபது.

“ஓடிப் போனன் அண்ணை. அம்மா, இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு, அக்கா ஏசுவா எண்டன். என்ர காதைப் பிடிச்சா. இருபத்திரண்டு வருசம் நல்ல நேரம் பாத்தது போதுமடா, வாடா வெளியில எண்டு சொல்லி, காதை விடாமலே கூட்டிக்கொண்டு போனவ.”